மின்னலைக் கம்பிச் சுருளில் பிடிக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹார்ட்லி வேல் என்ற ஊரில் ஒரு மண்ணெண்ணெய் ஆலை இருந்தது. அதன் இடிதாங்கியில் இருந்து கழற்றிய ஒரு செம்புக் குழாய்த் துண்டு 1905இல் போலக், பாராக்ளஃப் என்ற இரு ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. உள்ளீடற்ற அந்தக் குழாய், யாரோ இடுக்கியில் வைத்து நெரித்ததுபோல நசுங்கிக் கிடந்தது. மின்னல் பாய்ந்த குழாய் அது. எந்தக் கனமான பொருளும் அதன்மேல் விழவில்லை. குழாயின் சுவர் முழுவதும் ஒரே திசையில் பாய்ந்த மின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை எழுப்பியது. அந்தக் காந்தம் குழாயை உள்நோக்கி அழுத்திவிட்டது என்று அவர்கள் விளக்கினார்கள்.

செம்பை நசுக்கும் அளவுக்குக் காந்த வலிமை மின்னலில் இருக்கிறது என்றால், அந்தக் காந்தத்தை ஒரு சுருளில் வாங்கி மின்சாரமாகச் சேமிக்க முடியாதா? நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் விடை தெரிந்திருப்பதில்லை. விடை “முடியும், ஆனால் மிகக் கொஞ்சம்” என்பதுதான். அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு, ஏன் அவ்வளவுதான் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக் கணக்கே போதும்.

முதலில் அடிப்படை. மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கம்பிக்கு அருகில் இருந்த திசைகாட்டி முள் அசைவதைப் பார்த்துச் சொன்னது இது. மின்னலுக்கும் காந்தத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்பதைக் கடலோடிகள் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். இடி விழுந்த கப்பலில் திசைகாட்டியின் வடக்கும் தெற்கும் இடம் மாறிப்போன கதைகள் பழையவை. 1825இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன் இரும்புத் துண்டில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். 1831இல் ஃபாரடே மறுபக்கத்தைக் காட்டினார்: காந்தப்புலம் மாறினால், அருகில் உள்ள சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மின்தூண்டல் என்பது இதுதான். மின்மாற்றிகள் எல்லாம் இதை வைத்தே இயங்குகின்றன.

“மாறினால்” என்ற சொல்லில்தான் சங்கதி இருக்கிறது. காந்தப்புலம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், அசையாமல் நின்றால் சுருளில் ஒன்றும் வராது. எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். வேகத்தில் மின்னலை மிஞ்ச ஆளில்லை என்பதால், மின்காந்தத்தை வைத்து மின்னலைப் பிடிக்கலாம் என்ற எண்ணம் முதல் பார்வைக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

சரி, மின்னலில் என்ன இருக்கிறது? சராசரியான ஒரு மின்னலின் முதல் வீச்சில் உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். சில மைக்ரோநொடிகளில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குகளில், உச்சத்தைத் தொட்டுவிடும். நூறு மைக்ரோநொடிக்குள் பெரும்பகுதி தணிந்துவிடும். நம் கண்ணுக்கு மின்னல் துடிப்பதுபோலத் தெரிவது, ஒரே பாதையில் மூன்று நான்கு வீச்சுகள் அடுத்தடுத்து இறங்குவதால்தான். மேகத்துக்கும் நிலத்துக்கும் இடையே சுமார் பத்துக் கோடி வோல்ட் வேறுபாடு இருக்கிறது. மொத்த ஆற்றல் ஏறத்தாழ 100 கோடி ஜூல்.

நூறு கோடி என்றதும் வாய் பிளக்கத் தோன்றும். அதை வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தால் சுமார் 280 கிலோவாட்-மணி, நாம் யூனிட் என்று சொல்கிறோமே, அதில் 280. பெட்ரோலாகச் சொன்னால் முப்பது லிட்டர். இன்னொரு ஒப்பீடு எனக்கு மிகப் பிடித்தது: ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவருகிறது. ஆக, மேகத்துக்குள் நானூறு லிட்டர் நீர் திரளும்போது வெளியாகும் வெப்பமும் ஒரு மின்னலும் ஒரே அளவு. மழையின் ஆற்றலோடு ஒப்பிட்டால் மின்னல் வெறும் பொறி. திறன் வேறு, ஆற்றல் வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். மின்னலின் திறன் அசுரத்தனமானது. ஆனால் அது நீடிக்கும் நேரம் இமைப்பொழுதிலும் சிறிது. இரண்டையும் பெருக்கினால்தான் ஆற்றல்.

அந்த 280 யூனிட்டும் நம் வாசலுக்கு வருவதில்லை. மேகத்திலிருந்து நிலம் வரை சில கிலோமீட்டர் நீளமுள்ள காற்றுக் குழலை மின்னல் 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடு. அந்தக் காற்று வெடித்து விரிவதே இடி. ஒளி, ஒலி, வெப்பம் என்று ஆற்றலில் மிகப் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடுகிறது. தரையில் நிற்கும் கோபுரத்துக்கு வந்து சேருவது அந்த நீண்ட குழலின் வால் நுனி மட்டுமே. இந்த வாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எந்தப் பக்கம் போனாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

இப்போது நம் கருவியை அமைப்போம். 100 மீட்டர் உயரக் கோபுரம், அதன் உச்சியிலிருந்து நிலத்துக்கு இறங்கும் இடிதாங்கிக் கம்பி, அதன் அருகே ஒரு சுருள். மின்னல் இறங்குகிறது. முதல் மூன்று மைக்ரோநொடியை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து 30,000 ஆம்பியருக்கு ஏறுகிறது. கம்பியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் காந்தப்புலம் 6 மில்லிடெஸ்லாவைத் தொடுகிறது. பூமியின் காந்தப்புலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சிறு காந்தத்தின் மேற்பரப்பில் இருப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் என்றால் சப்பென்று ஆகிவிடும். இரண்டும் உண்மை. ஆனால் மாறும் வேகம் பிரமாண்டம். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே ஒரு சுற்றுக் கம்பியை அங்கே வைத்தால், அதில் சுமார் 2,000 வோல்ட் எழும். நூறு சுற்று வைத்தால் இரண்டு லட்சம் வோல்ட். மூன்று மைக்ரோநொடி முடிந்ததும் மின்னோட்டம் இறங்கத் தொடங்குகிறது. உடனே சுருளில் அழுத்தத்தின் திசை தலைகீழாகிறது. நூறு மைக்ரோநொடியில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

வோல்ட் குறைவில்லாமல் கிடைக்கிறது. ஆற்றல்?

நேரான கம்பி ஒன்றைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் எவ்வளவு ஆற்றல் தேங்கும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: மின்தூண்டத்தின் பாதியை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். மின்தூண்டம் என்பது மின்னோட்டத்தின் சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம்; ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம். நேரான கம்பிக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி. 100 மீட்டர் கம்பிக்கு 100 மைக்ரோஹென்றி. 30,000 ஆம்பியரில் கணக்கிட்டால் 45,000 ஜூல்.

45,000 ஜூல் என்றால் 12.5 வாட்-மணி. ஒரு கைபேசியின் மின்கலத்தை ஏறக்குறைய ஒருமுறை நிரப்பலாம். கோபுரத்தைச் சுற்றி எழுந்த காந்தப்புலத்தை ஒரு துளி சிந்தாமல் வழித்து எடுத்தாலும் அவ்வளவுதான். நிஜச் சுருளின் கைக்கு அதில் ஒரு சிறு பங்கே வரும்.

உடனே வரும் மறுப்பு: “இரும்பு உள்ளகம் வைத்தால் காந்தம் பல மடங்கு பெருகுமே?” மின்மாற்றிகளில் அதைத்தானே செய்கிறார்கள். உண்மைதான். ஆனால் இரும்புக்கு ஒரு வயிறு உண்டு. சுமார் 2 டெஸ்லாவில் அது தெவிட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு ஓட்டம் கொடுத்தாலும் இரும்பு இல்லாததுபோலவே நடந்துகொள்ளும். இடிதாங்கிக் கம்பியை ஓர் இரும்பு வளையத்தின் நடுவே விட்டு, வளையத்தில் சுருளைச் சுற்றினால், ஒரு வீச்சில் அந்த வளையம் வழியாக மாற்றக்கூடிய ஆற்றலின் உச்ச வரம்பு இரும்பின் குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள வளையம் என்றால் 30,000 ஆம்பியரை 2 வெபரால் (2 டெஸ்லாவை ஒரு சதுர மீட்டரால் பெருக்கினால் வரும் காந்தப் பாய்வு) பெருக்கி ஏறத்தாழ 60,000 ஜூல். மறுபடியும் பதினேழு வாட்-மணி. மறுபடியும் ஒரு கைபேசி. அந்த வளையத்தின் எடை முப்பது டன்னுக்கு மேல். அதுவும் முழு இரும்பாக வார்த்தால் வேலைக்கு ஆகாது. இவ்வளவு வேகமான மாற்றத்துக்கு, தாள் போன்ற மெல்லிய தகடுகளை மின்காப்போடு அடுக்கிச் செய்யவேண்டும். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற முப்பது டன் இரும்பு வாங்குபவரை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

அடுத்த யோசனை இன்னும் நேரடியானது: பக்கத்தில் எதற்குச் சுருள்? இடிதாங்கிக் கம்பியையே சுருளாகச் சுற்றி, மின்னலையே மின்காந்தத்தின் வழியாக ஓடவிட்டால் என்ன? வாய்பாட்டின்படி மின்தூண்டம் கூடினால் தேங்கும் ஆற்றலும் கூடும். ஒரு மில்லிஹென்றிச் சுருள் என்றால் நாலரை லட்சம் ஜூல். கைபேசி பத்தாகிவிட்டது.

ஆனால் மின்னோட்டத்தின் சோம்பலும் பத்து மடங்காகிவிட்டது. மூன்று மைக்ரோநொடியில் 30,000 ஆம்பியர் ஏறும்போது நேரான கம்பியிலேயே ஒவ்வொரு மீட்டருக்கும் 10,000 வோல்ட் விழுகிறது. ஒரு மில்லிஹென்றிச் சுருளின் இரு முனைகளுக்கு இடையே ஒரு கோடி வோல்ட். பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்குச் சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளி ஒரு பொருட்டா? கம்பி வழியே சுற்றிச் சுற்றி வருவதைவிடக் குறுக்கே தாண்டுவது சுலபம் என்று பொறியாகப் பாய்ந்து கீழே போய்விடும். அல்லது சுருளை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள சுவருக்கோ மனிதருக்கோ தாவும். இடிதாங்கிக் கம்பியைச் சுருட்டக்கூடாது, கூர்மையாக வளைக்கக்கூடாது, இயன்றவரை நேராகக் கீழே இறக்கவேண்டும் என்று பொருத்துபவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். நாம் வேண்டுமென்றே செய்ய நினைக்கும் மின்காந்தம், அவர்கள் தற்செயலாகக்கூட உருவாகிவிடக் கூடாது என்று அஞ்சுகிற பொருள்.

சுருள் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். மின்காந்தத்தில் ஆற்றல் தேங்குவது மின்னோட்டம் ஓடும் வரைதான்; அது தொட்டி அல்ல, ஓடுகிற சக்கரம். நூறு மைக்ரோநொடியில் ஓட்டம் நின்றுவிடும். அதற்குள் அந்த ஆற்றலை ஒரு மின்தேக்கிக்கு மாற்றிவிடவேண்டும். அந்த மின்தேக்கியும் அத்தனை வோல்ட்டைத் தாங்கவேண்டும்.

காந்தத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போனாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. மின்னலின் பாதையில் 1 ஓம் தடையை வைத்தால், நடுத்தரமான ஒரு முதல் வீச்சு அதில் ஏறத்தாழ 50,000 ஜூல் வெப்பத்தை விட்டுச்செல்லும். மூன்றாவது முறையாக அதே கைபேசி. தடையை 100 ஓமாகக் கூட்டினால் ஒன்றரை யூனிட் வரை கிடைக்கும் என்று தாள் சொல்லும். அப்போது தடையின் குறுக்கே 30 லட்சம் வோல்ட் நிற்கும், மின்னல் தடையைச் சீண்டாமல் பக்கவாட்டில் பல மீட்டர் தாண்டிவிடும். வால் நம் கையில், உடம்பு காற்றில். வாலை எவ்வளவு இழுத்தாலும் உடம்பு வராது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே ஒதுக்கிவிடலாம். வலிமையான மின்காந்தத்தைக் கோபுர உச்சியில் வைத்தால் மின்னலைத் தன்பக்கம் இழுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இழுக்காது. மேகத்திலிருந்து மின்னல் படிப்படியாக, ஒவ்வொன்றும் பத்து முதல் ஐம்பது மீட்டர் நீளமான எட்டுகளில் இறங்கி வருகிறது. அடுத்த எட்டு எங்கே என்பதை மின்புலம் முடிவு செய்கிறது, காந்தப்புலம் அல்ல. காந்தம் நகரும் மின்னூட்டத்தைப் பக்கவாட்டில் திருப்புமே தவிரத் தன்னை நோக்கி இழுக்காது. மேலும் சில மீட்டர் தள்ளிப் போனதுமே அதன் வலிமை கரைந்துவிடும். மின்னலுக்கு அழைப்பு அனுப்ப உயரமான, கூரான, நிலத்தோடு இணைந்த உலோகம் போதும்.

இன்னும் துணிந்த வழிகளும் உண்டு. 1960களிலிருந்து, மெல்லிய கம்பியை வாலாகக் கட்டிய சிறு ராக்கெட்டை இடிமேகத்துக்குள் ஏவி மின்னலை வரவழைக்கிறார்கள். 2021 கோடையில் சுவிட்சர்லாந்தின் சென்டிஸ் மலையில் 124 மீட்டர் கோபுரத்துக்கு அருகே, நொடிக்கு ஆயிரம் துடிப்பு வீசும் லேசரை வானத்தை நோக்கிச் செலுத்தி, மின்னலின் பாதையைச் சில பத்து மீட்டர்களுக்கு வழிநடத்திக் காட்டினார்கள். அவற்றின் நோக்கம் ஆய்வும் பாதுகாப்பும். மின்சாரம் எடுப்பது அல்ல.

மின்னலை வேண்டிப் போனவர்களிலேயே மிகத் துணிச்சலானவர்கள் என்று நான் நினைப்பது, 1920களின் பிற்பகுதியில் சுவிஸ் எல்லையில் உள்ள மான்டே ஜெனரோசோ மலையில் கம்பி வலையைக் கட்டிய மூன்று ஜெர்மானிய இயற்பியலாளர்களைத்தான். அவர்களுக்கும் ஆற்றல் வேண்டியிருக்கவில்லை. அணுவை உடைக்க உயர் மின்னழுத்தம் வேண்டியிருந்தது. மின்னலிடம் எது தாராளமாக இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். மூவரில் ஒருவரான கர்ட் உர்பன் அந்த மலையிலேயே உயிரிழந்தார்.

ஆற்றலுக்காகவே முயன்றவர்களும் இருக்கிறார்கள். 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் மின்னல் பண்ணை ஒன்றைச் சோதித்தது. செயற்கை மின்னலைக் கொண்டு 60 வாட் விளக்கை இருபது நிமிடம் எரியவைத்த அளவில் நின்றுபோனது. இருபது வாட்-மணி, நம் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். 2013இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லட்சம் வோல்ட் பொறியைப் பாயவிட்டு, மின்மாற்றி வழியாக ஒரு கைபேசிக்கு உண்மையாகவே சார்ஜ் ஏற்றினார்கள். அது ஆய்வகத்தில் தொடர்ந்து ஊட்டிய பொறி, வானத்திலிருந்து விழுந்ததல்ல.

கனவை இன்னும் கொஞ்சம் நீட்டி, வால், உடம்பு எல்லாவற்றையும் பிடித்துவிட்டதாகவே கொள்வோம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்கு இருபது இருபத்தைந்து மின்னல்கள் விழுகின்றன. ஒவ்வொன்றும் 280 யூனிட் முழுதாகக் கொடுத்தால் ஆண்டுக்கு ஆறு ஏழாயிரம் யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில், 5 கிலோவாட் சூரியத் தகடுகள் கூரைமேல் சும்மா கிடந்தே இதைத் தந்துவிடும். உலகம் முழுவதும் நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள். அவற்றில் நிலத்தைத் தொடுவது கால்வாசிதான், மற்றவை மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் பிடித்தாலும் உலக மின் தேவையில் ஓரிரு விழுக்காடு.

அப்படியானால் மின்னலுக்கு அருகே சுருள் வைப்பது வீண் வேலையா? இல்லை. நாள்தோறும் வைக்கிறார்கள், ஆற்றலுக்காக அல்ல. இரும்பு உள்ளகமே இல்லாத, வளையம்போல வளைந்த ஒரு சுருளை இடிதாங்கிக் கம்பியைச் சுற்றி மாட்டுவார்கள். ரோகோவ்ஸ்கி சுருள் என்று பெயர். இரும்பு இல்லாததால் தெவிட்டல் என்ற பிரச்சினையே இல்லை. எத்தனை ஆயிரம் ஆம்பியர் வந்தாலும் அலட்டிக்கொள்ளாமல், மின்னோட்டம் மாறும் வேகத்துக்கு ஏற்ற சிறு மின்னழுத்தத்தைத் தரும். அதைக் கூட்டிக் கணக்கிட்டால் மின்னலின் வடிவம் முழுவதும் திரையில் வந்துவிடும். காற்றாலை இறக்கைகளில் எவ்வளவு வலிமையான மின்னல் விழுந்தது, இறக்கையைச் சோதித்துப் பார்க்கவேண்டுமா என்பதை இப்படி அறிகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விழும் மின்னலையும், செங்குத்தாக ஒன்றுக்கொன்று குறுக்கே நிறுத்திய இரண்டு சுருள்கள் உணர்ந்து திசை சொல்லும்.

கருவிகள் இத்தனை முன்னேறுவதற்கு முன், மின்தொடர்க் கோபுரங்களில் இதைவிட எளிய ஏற்பாடு இருந்தது. கோபுரத்தின் காலில், ஒரு சிறு உறைக்குள் சில எஃகுத் தகடுகளை வைத்துவிடுவார்கள். கம்பி இல்லை, மின்கலம் இல்லை. மின்னல் கோபுரம் வழியாக இறங்கினால் அதன் காந்தப்புலம் அந்தத் தகடுகளில் காந்தத்தை ஏற்றிவிட்டுப் போகும். புயல் ஓய்ந்தபின் ஓர் ஊழியர் ஏறி அவற்றை எடுத்துவந்து, எவ்வளவு காந்தமேறியிருக்கிறது என்று அளந்து, உச்சத்தில் எத்தனை ஆம்பியர் பாய்ந்தது என்று பதிவேட்டில் எழுதுவார். பிறகு தகடுகளின் காந்தத்தை நீக்கி, மீண்டும் அதே உறைக்குள் வைத்துவிட்டு வருவார்.